எழுதி வைத்த நியமங்கள்

பலர் கூடி எழுதும் ஒரு பொது இடத்தில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வகுத்து வைப்பது அவசியமா என்று கேட்டால், சுதந்திரத்தில் பற்றுடைய பலரும் சற்றுத் தயங்கியே விடை சொல்வார்கள். நியமம் என்றதும் அதிகாரம் நினைவுக்கு வருகிறது; அதிகாரம் என்றதும் வாய்ப்பூட்டு நினைவுக்கு வருகிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், நியமம் எழுதப்படாத இடத்தில் நியமமே கிடையாது என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. அங்கும் நியமம் உண்டு. அது பழையவர்களின் மனத்துக்குள் இருக்கிறது. அவர்களுடைய விருப்பு வெறுப்புக்கு ஏற்ப நாளுக்கொரு ரூபம் கொள்கிறது. புதிதாக வந்தவருக்கோ, தாம் அதை மீறிவிட்டதாகக் கண்டிக்கப்படும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிய வருகிறது. ஆகவே எழுதப்பட்ட நியமங்களின் தராதரத்தை நிர்ணயிக்க நான் ஒரு கேள்வியையே அளவுகோலாகக் கொள்கிறேன்: நேற்று வந்து சேர்ந்த ஒருவர், பத்தாண்டு அநுபவமுள்ள மற்றொருவரை எதிர்த்து, அந்த நியமத்தைச் சுட்டிக்காட்டித் தம் கட்சியை நிலைநாட்ட முடியுமா?

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க விக்கிப்பீடியாவைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. ஊதியம் வாங்காதவர்கள், ஒருவரையொருவர் முகம் பார்த்து அறியாதவர்கள், தேசத்தாலும் கொள்கையாலும் வேறுபட்டவர்கள் என்று பல்லாயிரம் பேர் சேர்ந்து எழுதும் அந்தக் கலைக்களஞ்சியம், தன் நியமங்களையும் அவை பிறந்த வாதப் பிரதிவாதங்களையும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறது. அதன் பூர்வ சரித்திரமும் கவனிக்கத்தக்கது. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜிம்மி வேல்ஸ் தொடங்கி, லாரி சாங்கரைத் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்த்திய நியூபீடியா என்ற முயற்சியில், ஒவ்வொரு கட்டுரையும் நிபுணர்களின் ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்டியாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஓராண்டு கழிந்தும் 25 கட்டுரைகள்கூடத் தேறவில்லை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று கதவை அகலத் திறந்து 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவிலோ, ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. அந்த ஆரம்ப நாட்களில் சாங்கர் முன்வைத்த நியமங்களுள் ஒன்று, நியமங்கள் உங்கள் உற்சாகத்தைக் குலைக்குமானால் அவற்றை அடியோடு ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டு போகலாம் என்பதாகும். சிலரே கூடியிருந்து, அந்தச் சிலரும் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்திருந்த காலத்தில், அது அழகான தாராளமாகவே இருந்திருக்கும்.

அந்தத் தாராளம் அந்நியர் ஒருவரை எவ்வளவு தூரம் புண்படுத்தக்கூடும் என்பது 2005 ஆம் ஆண்டில் தெரிந்தது. ஜான் சீகன்தாலர் அமெரிக்கப் பத்திரிகை உலகில் மதிக்கப்பட்டவர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர். கென்னடி இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தாங்கிச் சென்றவர்களுள் ஒருவர். அப்படிப்பட்டவரைப் பற்றி, கென்னடி சகோதரர் இருவரின் கொலையிலும் அவருக்குச் சம்பந்தம் இருக்கலாம் என்று சிலகாலம் சந்தேகிக்கப்பட்டதாக, பெயர் காட்டாத ஒருவர், தம்முடன் வேலை செய்தவரிடம் விளையாட்டுக் காட்டுவதற்காக மே மாதத்தில் எழுதிப் போட்டது, நான்கு மாதங்களுக்கு மேல் எவர் கண்ணிலும் உறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. நவம்பர் மாதத்தில் சீகன்தாலரே ‘யூஎஸ்ஏ டுடே’ பத்திரிகையில் தமக்கு நேர்ந்த அபவாதத்தை எழுதிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அநாமதேயமாகப் புதுக் கட்டுரை தொடங்கும் உரிமை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதைவிட முக்கியமானது, உயிரோடிருப்பவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கென்று தனி நியமம் ஒன்று அப்போது உருவெடுத்தது: உயிருள்ள ஒருவரைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதப்பட்ட, வழக்குக்கு இடமான செய்தியை, விவாதித்துக்கொண்டிராமல் உடனே எடுத்துவிட வேண்டும்.

என் அளவுகோலுக்கு இந்த நியமம் நன்றாக நின்று கொடுக்கிறது. அவதூறுக்கு ஆளானவர் பிரபலஸ்தராக இருக்க வேண்டியதில்லை. நிர்வாகிகளின் நட்பும் வேண்டியதில்லை. ‘இதற்குச் சான்று எங்கே?’ என்ற கேள்வியோடு அவர் வந்தால் போதும். நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலைமேல் விழுகிறது. சான்றுள்ளதை மட்டும் எழுதுவது, பட்சபாதமின்றி எழுதுவது, சொந்த ஆராய்ச்சியைப் புகுத்தாதிருப்பது என்ற மூன்று அடிப்படை நியமங்களின் பலமும் இதுவேதான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சிவன் கோயிலைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, அது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று ஊர்ப்பற்றுள்ள ஒருவர் சேர்த்திருக்கும் வரியைக் காணும் கல்லூரி மாணவி, அங்கேயே ‘தொகு’ என்பதை அழுத்தி அந்த வரியின் இறுதியில் சான்று கேட்டுக் குறியிடலாம். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரியைச் சேர்த்தது யார், எந்த நாளில், எந்த மணியில் என்பது தெரிந்துவிடும். எதிர்த்தரப்பினர் குறியை நீக்கினால் அந்த நீக்கமும் அடுத்த வரியாகப் பதிவாகும். உரையாடல் பக்கத்தில் இருவரும் வழக்கை நடத்தலாம். அங்கே அவளுடைய வயதோ, சாதியோ, பட்டமோ கேள்விக்கு வருவதில்லை. நம் சமூகத்தில் இத்தகைய வழக்கு மன்றங்கள் மிகவும் அரியவை என்பதால், இந்த மன்றத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நியமங்களுக்கு ஒரு சுபாவம் உண்டு, அவை பெருகும். ஒவ்வொரு வழக்கும் தீர்ந்த பிறகு, அது மறுபடி வராமலிருக்க ஒரு விதி சேர்க்கப்படுகிறது. விதிக்கு விளக்கம், விளக்கத்துக்கு விலக்கு, விலக்குக்கு உபவிதி என்று நீண்டு, ஒருவர் ஆயுளில் வாசித்து முடிக்கக்கூடியதாக இருந்தது, வாசித்தவர்களுக்கு மட்டுமே சொந்தமான ஒரு சாஸ்திரமாகிவிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் விவாதம் செய்வோர் நியமங்களின் பெயரைக்கூட முழுதாகச் சொல்வதில்லை. நான்கைந்து எழுத்துகள் கொண்ட சுருக்கக் குறியை வீசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த எழுத்துக் கூட்டத்தின் பொருள் தெரியாத புதியவர், தாம் செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே தண்டனையை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறார். அங்கே ஊக்கமாக எழுதுவோரின் எண்ணிக்கை 2007 ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே வந்தது. ஆரன் ஹாஃப்பேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்களை அரைத் தானியங்கிக் கருவிகளைக் கொண்டு கணத்தில் தள்ளிவிடும் வழக்கமும், இறுகிப்போன நியமங்களை மாற்றுவதில் புதியவர்களுக்குக் குரலில்லாமற் போனதும் அந்த வீழ்ச்சிக்கு முக்கிய காரணங்கள் என்று கண்டார்கள். நாசகாரரைத் தடுப்பதற்கென்று செய்த வேலி, நல்லவரையும் சேர்த்தே தடுத்தது.

நியமங்கள் அதிகமாவதும் தெளிவாவதும் ஒன்றன்று என்பதற்கு டானா ஸ்ட்ரிக்லண்டின் விவகாரம் போன்ற உதாரணம் கிடைப்பது அரிது. கனடாவைச் சேர்ந்த இந்தப் பௌதிக விஞ்ஞானி, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தம் ஆசிரியர் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து, மிகக் குறுகிய, மிகத் தீவிரமான லேசர் துடிப்புகளை உண்டாக்கும் முறையை 1985 ஆம் ஆண்டில் வெளியிட்டவர். 2018 மே மாதத்தில் அவரைப் பற்றிய வரைவுக் கட்டுரை ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் சமர்ப்பிக்கப்பட்டபோது, குறிப்பிடத்தக்கவர் என்பதற்குப் போதிய சுயேச்சையான சான்று காட்டப்படவில்லை என்று அது நிராகரிக்கப்பட்டது. அவருடைய ஆசிரியருக்கோ அப்போதே அங்கே கட்டுரை இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று, பௌதிகத்துக்கான நோபெல் பரிசை ஆர்தர் ஆஷ்கினோடும் மூரூவோடும் ஸ்ட்ரிக்லண்ட் பகிர்ந்துகொண்டார்; 55 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற பெண் அவர். செய்தி வெளியான பிறகு கட்டுரையும் எழுந்தது. இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அம்சம் வேறொன்று. ஒரு பெரிய அறிவியல் சங்கத்தின் உச்சப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விமான் குறிப்பிடத்தக்கவரே என்று, கல்விமான்களுக்கென்று தனியாக எழுதப்பட்ட நியமம் ஒன்று அதே விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே இருந்தது. ஸ்ட்ரிக்லண்ட் 2013 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவரை உள்ளே அழைக்கும் விதி ஓர் அறையில் கிடக்க, மற்றோர் அறையிலிருந்த பொது விதி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பரிசீலித்தவரைக் குறை சொல்லி இதை முடித்துவிட நான் ஒப்பமாட்டேன்; எழுதியவருக்கு எந்த விதி துணை செய்யும் என்பதைச் சொல்லித்தரும் கடமை, நிராகரிக்கும் அதிகாரத்தோடு பிணைக்கப்படாமற் போனதே அங்கே நேர்ந்த குறை.

நியமங்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அவற்றை நடத்துவோர் ஒரே கூட்டத்தாராகிவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் குரோவேசிய மொழி விக்கிப்பீடியா சாட்சி. அங்கும் நடுநிலை நோக்கு என்ற நியமம் எழுத்தில் இருந்தது. ஆனால் தீவிர வலதுசாரிகளான சில நிர்வாகிகள் ஏறத்தாழ ஒரு தசாப்தம் அந்த விக்கிப்பீடியாவைத் தங்கள் கைவசமாக்கிக்கொண்டு, இரண்டாம் உலக யுத்தத்தில் யசெனோவாட்ஸ் கொலைமுகாமில் நிகழ்ந்த கொடுமைகளை மழுப்பி எழுதினார்கள். ஆட்சேபித்தவர்களைத் தடை செய்தார்கள். 2013 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கும்படியாயிற்று. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் இதைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது 2021 ஆம் ஆண்டில்தான். அத்தனை ஆண்டுகளும், அடிபட்டவர்கள் முறையிடுவதற்கு அந்தக் கூட்டத்துக்கு வெளியே பயன்படத்தக்க மேல் மன்றம் இல்லாதிருந்தது.

தமிழுக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, இலங்கையரான மயூரநாதன் முதலிய சிலரின் அயராத உழைப்பால் வேரூன்றியது. பொது விவாதங்களுக்கான அதன் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். கூகுள் நிறுவனம் ஊதியம் கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பித்துத் தமிழில் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கியபோது, மொழிநடையும் பிழைகளும் சகிக்கத்தக்கனவாக இல்லை என்று தன்னார்வலர்கள் எடுத்துரைத்து, அந்தப் பெரிய நிறுவனத்தைத் தங்களோடு பேச வைத்தார்கள். 2010 ஆம் ஆண்டு போலந்தில் நடந்த, விக்கிப்பீடியர் கூடும் விக்கிமேனியா மாநாட்டில் தங்கள் மதிப்பீட்டையும் முன்வைத்தார்கள். கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்ற பொது உடன்பாடு எழுத்தில் இருந்திராவிட்டால், அந்தக் குரலைச் சிலருடைய சுயவிருப்பம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

எனினும் சான்று என்ற நியமத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடும்போது ஒரு பெரிய நஷ்டம் நேர்கிறது. அச்சான புத்தகமும் பத்திரிகையும் எங்கும் குறைவின்றிக் கிடைக்கும் நாடுகளில் பிறந்த நியமம் அது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களுக்குக் குறையாமல், ஓலைச் சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின. அந்த மண்ணின் சரித்திரத்தை எழுத வரும் ஒருவரிடம் அச்சுச் சான்று கொண்டு வா என்று சொல்லும் விதி, சான்று எப்படி இல்லாமற் போயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள் 2005 முதல் எஞ்சியவற்றைத் தேடித் தேடி வருடிப் பதிவேற்றி வருகிறார்கள்; நியமத்தின் குறையை நியமத்துக்கு வெளியே நின்று ஈடு செய்யும் அந்த உழைப்பு வணங்கத்தக்கது. தெருக்கூத்தின் அடவுகளும், கிராம தேவதைகளின் கொடைச் சடங்குகளும், மீனவர் காற்றுக்கு வைத்த பெயர்களும் பெரும்பாலும் மனிதர் நாவில்தான் வாழ்கின்றன. 2011 ஆம் ஆண்டில் அச்சல் பிரபலா என்பவர், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிராமத்தாரின் வாய்மொழியைப் பதிவு செய்து, அந்தப் பதிவுகளையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதும் சோதனையைச் செய்து காட்டினார். ஆங்கில விக்கிப்பீடியா அதைப் பொது நியமமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வாய்மொழிக்குக் கதவைத் திறந்தால், தத்தம் குலத்தை மூவேந்தர் வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெருமைக் கதைகள் எல்லாம் நுழைந்துவிடுமே என்ற ஆட்சேபத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் அந்தக் கதைகள் அச்சிலும் மலிந்து கிடக்கின்றன. சாதிகளைப் பற்றி பிரிட்டிஷ் ஆட்சிக் கால அதிகாரிகள் எழுதிய நூல்களை, அச்சானவை என்றாலும் நம்பத்தகாதவை என்றே ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் நெடுவிவாதத்துக்குப் பின் ஒதுக்கியிருக்கிறார்கள். சொன்னவர் யார், அவர் அதை அறியத்தக்க நிலையில் இருந்தாரா, அதனால் அவருக்கு என்ன லாபம் என்ற விசாரணையே அங்கே தீர்ப்பளித்தது. அதே விசாரணையை வாய்மொழிக்கும் விதித்துத் தமிழ் விக்கிப்பீடியா தனக்கென ஒரு நியமம் வகுத்துக்கொள்ளலாம். பேசுபவரின் பெயர், ஊர், தொழில், பதிவான நாள் ஆகியவற்றோடு ஒலிப்பதிவு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். தம் கையால் செய்த தொழிலையும் தாம் கண்ட சடங்கையும் பற்றிய சொல் சான்றாக நிற்கலாம், தம் முன்னோரின் பெருமையைப் பற்றிய சொல் நிற்கலாகாது. ஏன் என்ற காரணமும் நியமத்தின் அடியிலேயே எழுதப்பட வேண்டும். அப்படி ஒன்று இருந்தால், பாம்பன் கரையில் நாற்பது ஆண்டு வலை வீசிய ஒருவர் காற்றின் பெயரைச் சொல்லும் பதிவை, எங்கோ அமர்ந்திருக்கும் நிர்வாகி ஒருவர் அச்சில் இல்லை என்று நீக்கும்போது, அந்த மீனவருடைய பேத்தி நியமத்தின் வரியைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம்.