நகையும் இசையும்: ‘காதலிக்க நேரமில்லை’ இசைத்தட்டை முன்வைத்து

நகைச்சுவைப் படமொன்றின் பாடல்களுக்கு இலக்கிய மலரில் என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார் என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை. எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்று வகுத்தும் காட்டினார். அந்த நான்கையும் ஒருசேரக் காண விரும்புவோர்க்கு, இயக்குநர் ஸ்ரீதர் 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ‘காதலிக்க நேரமில்லை’ நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதனை இங்கே எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வடபுலத்தில் பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் 1966இல் வந்த ‘பியார் கியே ஜா’ என்னும் இந்திப் படத்தைக் கண்டு களிக்கின்றனர். பின்னர்த் தமிழ்ப் படத்தைக் காண நேரின், இது அதன் நகல் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. தமிழே மூலம், அதனை இந்தியில் எடுத்தவரும் ஸ்ரீதரே. இந்திப் படத்துக்கு இசையமைத்த லட்சுமிகாந்த் – பியாரேலால் இருவரும் தம் வழியில் வேறு பாடல்களைத் தந்தனர். ஆகவே கதை வடக்கே பயணம் செய்தது. பாட்டு தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டது. அவ்வாறு தங்கிவிட்ட செல்வம் எத்தகையது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய கடமை நமக்கு உண்டன்றோ?

கதையை ஒருமுறை நினைவுகூர்வோம். சின்னமலைத் தோட்டத்து முதலாளி விஸ்வநாதனுக்கு இரு மகளிர், ஒரு மகன். பெண்களுக்குச் செல்வர் வீட்டுச் சம்பந்தம் வேண்டும் என்பது அவர் பேராசை. வேலையிழந்த அசோக், தன்னைக் கோடீசுவரர் ஒருவரின் மைந்தன் எனக் காட்டிக்கொள்ளத் தன் நண்பன் வாசுவையே தந்தையாக வேடமிடச் செய்கிறான். கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்ளும் பேதைமையும், கொண்டதை விடாத மடமையும் டி.எஸ். பாலையாவின் விஸ்வநாதனிடம் குடிகொண்டுள்ளன. எள்ளலும் இளமையும் மற்றவர் பங்கு.

பாடல்கள் அனைத்தும் கண்ணதாசன் இயற்றியவை; இசை விசுவநாதன் – ராமமூர்த்தி இரட்டையர். இதே கூட்டணி அதற்கு முந்திய மாதந்தான் ‘கர்ணன்’ படத்துக்கு வடநாட்டு இராகங்களைக் கொண்டு பெருங்காவிய இசையைப் படைத்திருந்தது. போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனை எண்ணிக் கேட்போரைக் கலங்க வைத்த குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது. அடுத்த மாதமே அக்குரல் எங்கே ஒலித்தது? முத்துராமன் தரித்த பொய்க் கிழவர் வேடத்துக்குப் பின்னே ஒலித்தது!

படத்தின் பெயரையே தொடக்கமாகக் கொண்ட அந்தப் பாட்டில்தான் இந்த இசைத்தொகுப்பின் நுட்பம் அடங்கியிருக்கிறது. பக்திப் பாடல்களாலும் தத்துவப் பாடல்களாலும் நமக்குப் பழகிய கம்பீரமான கணீர்க் குரல் அது. அதில் கேலியின் சாயல் சிறிதும் இல்லை. முழு மனத்தோடு, காதலிக்கக் காலம் வாய்க்கவில்லையே என்று ஏங்குகிறது. பாடகர் சிரிப்பதில்லை, ஆதலால் நாம் சிரிக்கிறோம். குரலை நடுக்கியும் இருமியும் கிழவனைப் போலப் பாடச் செய்திருந்தால் அது வெறும் பகடியாக நின்றிருக்கும். வேடம் பொய், குரல் மெய் என்னும் முரணே சுவையைத் தருகிறது. படத்தில் எல்லோரும் காதலைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. நேரமில்லை என்று புலம்புபவர் இல்லாத கிழவர் ஒருவரே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’. தொழிலாளர் முழக்கத்தைப் பாட்டாக்கிய துணிவு இதில் உண்டு. முதலாளியை அடைமொழியின்றிப் பெயர் சொல்லி அழைப்பது எள்ளல். அதனை முழக்கமிடும் முரட்டுக் குரலுக்குத் தராமல், பி.பி. ஸ்ரீநிவாஸின் மென்குரலுக்கும் உடன்பாடும் குழுவுக்கும் தந்திருப்பது இசையமைப்பாளர்களின் மதிநுட்பம். படத்தைக் காணாமல் இசைத்தட்டை மட்டும் கேட்பவர்க்கு இன்னொரு பொருளும் தோன்றும். இசையமைப்பாளர் பெயரும் விஸ்வநாதன் அல்லவா! எனினும் வேலை தேடி ஊர்விட்டு வந்த குடும்பங்களாகிய நமக்கு அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு முள் இருப்பது தெரியும். வேலை போனவன் கூடாரமடித்துப் பாடுவது திரையில்தான் எளிது.

‘உங்க பொன்னான கைகள்’ என்னும் பாடலில் மரியாதைச் சொல்லே கேலிக் கருவியாகிறது. பணிவாக உதவ வருவதுபோல் பேசிக்கொண்டே மகளிரைச் சீண்டும் பாட்டு அது. ‘உங்க’ என்னும் பேச்சு வழக்கை ‘உங்கள்’ என்று திருத்தினால் குறும்பு மறைந்துவிடும். மரியாதைப் பன்மை சில வேளைகளில் மரியாதைக்காக மட்டும் வருவதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு எந்த இலக்கண நூல் இவ்வளவு எளிதாகக் கற்பிக்கும்?

இளமைக்குச் சான்று ‘அனுபவம் புதுமை’. மெக்சிகோ நாட்டுக் கன்சுவேலோ வெலாஸ்கெஸ் இயற்றிய ‘பேசமே மூச்சோ’ என்னும் புகழ்பெற்ற பாட்டின் சாயல் இதில் தெரிகிறது. இதனைக் குறையாகச் சொல்வோர் உளர். சாயலை மறுப்பதற்கில்லை, ஆயினும் ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடும்போது அது நம் மொழியின் நாணத்தை அணிந்துகொண்டுவிடுகிறது. ‘என்ன பார்வை’யில், தமிழ்த் திரைக்கு அன்று புதியவரான யேசுதாஸுடன் எல்.ஆர். ஈஸ்வரியை இணைத்தது மற்றொரு நற்செயல். துள்ளலிசைக்கே பெரிதும் அழைக்கப்பட்ட ஈஸ்வரி, காதலிணைப் பாட்டிலும் எத்துணை இனிமை காட்ட வல்லவர் என்பது இதில் விளங்கும்.

குறைகளையும் கூறுதல் திறனாய்வின் அறம். ‘நாளாம் நாளாம்’ இனிய பாடல்தான். ஆனால் அந்த ஆண்டின் எந்தக் காதற்படத்திலும் அது பொருந்தியிருக்கும். இக்கதையின் நகை அதில் கலக்கவில்லை. மேலும், படத்தின் சிரிப்புக்குப் பெருந்தூணாகிய நாகேஷின் செல்லப்பாவுக்கெனத் தனிப் பாட்டு ஒன்றும் இல்லை. தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் புகழ்பெற்ற காட்சியில் அவர் வாயாலேயே ஓசைகளை எழுப்பிப் பாலையாவை நடுங்க வைக்கிறார். அந்த இசைக்குத் தட்டில் இடம் கிடைக்கவில்லை. எனவே தட்டு மட்டும் கேட்பவர் படத்தின் ஒரு பாதியையே பெறுகிறார்.

இரட்டையர் 1965இல் பிரிந்தனர். இன்று இருவரும் இல்லை, கவிஞரும் இல்லை. பாடல்களோ நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் தனித்தனிப் பாட்டாகக் கேட்கும் வழக்கத்தில், சீர்காழியாரின் குரல் பொய்க் கிழவருக்கானது என்னும் செய்தி பிள்ளைகளை எட்டுவதில்லை. அவர்கள் அதனைச் சோகப் பாட்டென்றே எண்ணக்கூடும். ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பாட்டைப் போடுமுன் கதையைச் சொல்லுங்கள். யார் பாடுகிறார், யாரை ஏமாற்றப் பாடுகிறார் என்று விளக்குங்கள். ஒரு மொழியில் அழுவதற்குப் பொருள் தெரிய வேண்டுவதில்லை; சிரிப்பதற்குத் தெரிந்தே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் உரிய இடத்தில் சிரித்தார்களாயின், தமிழ் அவர்களிடம் உயிரோடிருக்கிறது என்று நாம் மகிழலாம்.