மின்பதிவேட்டு முறைமைத் தேர்வும் தமிழ்த்தரவும்: ஒரு திறனாய்வு

கல்வி நிறுவனங்கள் தாள்கோப்புகளிலிருந்து மின்பதிவேட்டு முறைமைகளுக்கு மாறும்பொழுது, தேர்வுக்குழுவினர் கையில் இருப்பது பெரும்பாலும் விற்பனையாளர் தந்த வசதிப்பட்டியலே ஆகும். அப்பட்டியலை அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பொருத்தமுடையது என்பதை மலேசியச் சூழலில், குறிப்பாகத் தமிழ்த்தரவின் நோக்கில், இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்கண் ஆவணம், பதிவேடு ஆகிய இரண்டின் வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். கூட்டக்குறிப்பின் வரைவு ஆவணம், அது திருத்தத்திற்குரியது. உறுதிசெய்யப்பட்ட குறிப்போ பதிவேடு. அதை எவரும் மாற்றலாகாது. 2001இல் வெளிவந்து 2016இல் திருத்தம்பெற்ற ஐஎஸ்ஓ 15489 தரநிலை, பதிவேட்டிற்கு மெய்ம்மை, நம்பகம், முழுமை, பயன்படுதன்மை என்னும் நான்கு பண்புகளை வகுத்துள்ளது. மலேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக்காப்பகச் சட்டப்படி, தலைமை இயக்குநரின் ஒப்புதலின்றிப் பொதுப்பதிவேடுகளை அழித்தல் கூடாது. ஆகவே, 2002இல் எம்ஐடியும் எச்பி நிறுவனமும் வெளியிட்ட டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள் ஆய்வேடுகளைச் சேமிக்கப் பெரிதும் உதவும் எனினும், அதைக்கொண்டே மாணவர் பதிவேடுகளையும் ஆண்டுவிடலாம் எனக் கருதுவது பொருந்தாது. காப்புக்காலமும் அழிப்பு ஒப்புதலும் அதன் முதன்மை நோக்கங்கள் அல்ல.

இனி, தமிழுக்கு வருவோம். ‘யுனிகோட் ஏற்புடையது’ என்று பட்டியலில் ஒரு வரி இருக்கும்; குழுவும் அமைதியடைந்துவிடும். ஆயின் யுனிகோடில் ‘கொ’ என்பதை ஒகரக் குறியொன்றாலும் எழுதலாம். எகரக்கொம்பு, கால் என இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முறைமை இவற்றை இயல்பாக்கிச் சேமிக்காவிடில், ஒரு வடிவில் தேடுபவர்க்கு மற்றொரு வடிவிலுள்ள பெயர் கிட்டாது. அகரவரிசையும் அவ்வாறே. யுனிகோட் எண்வரிசையில் றகரம் லகரத்திற்கு முன்னும், னகரம் பகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. எண்வரிசைப்படி அடுக்கும் முறைமை தரும் பட்டியலைத் தமிழாசிரியர் எவரும் அகரவரிசை என ஏற்கமாட்டார்.

பெயர்ப்புலங்களும் இத்தகையனவே. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் வைத்த முறைமையில் மலேசிய இந்தியரின் தந்தைபெயர் குடும்பப்பெயராகிவிடுகிறது. அண்ணனின் மகனும் தம்பியின் மகனும் வெவ்வேறு குடும்பத்தினராகப் பதிவாவர். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் குறிப்பிலுள்ள சாய்கோடு விண்டோஸ் கோப்புப்பெயரில் இடம்பெற இயலாது. எனவே அதை ஒருவர் விடுவார், ஒருவர் சிறுகோடாக்குவார், ஒரே மாணவர்க்கு இரு கோப்புகள் தோன்றும். சான்றிதழ்ப்படி கேட்டு முன்னாள் மாணவர் வந்து நிற்கும் நாளில்தான் இதன் விளைவு தெரியவரும்.

யாவற்றினும் கவலைக்குரியவை பழைய கோப்புகள். யுனிகோட் பரவுமுன் தட்டச்சான ஆய்வேடுகளும் வினாத்தாள்களும் திஸ்கி முதலிய குறியேற்றங்களிலும் தனி எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. தமக்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோமன் குறிகளாகவே தோன்றும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதும் என்பர். 2005ஆம் ஆண்டுத் தரநிலையான பிடிஎஃப்/ஏ-1இன் ‘பி’ நிலை தோற்றத்தை மட்டுமே காக்கும். எழுத்துகளை யுனிகோடுடன் இணைக்க வேண்டுமெனக் கோருவது ‘ஏ’ நிலையே. இக்கட்டுரையாளர் பார்த்த ஒரு தொகுப்பில் ஆய்வேடுகள் திரையில் பிழையின்றித் தெரிந்தன. நூலாசிரியர் பெயரை இட்டுத் தேடியபொழுது ஒன்றேனும் வரவில்லை. முறைமை தன் பணியைச் செய்தது. கேட்கவேண்டியதை நாம் கேட்கவில்லை.

ஆதலின் விற்பனையாளரின் மாதிரித்தரவைக் கொண்டு நடக்கும் செய்முறை விளக்கத்தை அளவையாகக் கொள்ளலாகாது. நிறுவனம் தன் கோப்புகளிலேயே இருபதைத் தெரிந்து, இரு குறியேற்றங்களில் தட்டச்சானவையும் சாய்கோடுள்ள பெயர்களும் அவற்றுள் இடம்பெறச் செய்து, ஏற்றி, தேடி, அடுக்கி, மீளவும் வெளியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். வெளியேற்றும்பொழுது காப்புக்காலம், உருவாக்கியவர், நாள் ஆகிய விவரங்களும் உடன்வருகின்றனவா என்பதையும் அங்கேயே நோக்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் இவற்றைக் கேட்போர்க்குத் தனிக்கட்டணச் சீட்டே விடையாகக் கிடைக்கும். இச்சோதனையில் தமிழாசிரியர் ஒருவர் அமர்வது கணினிப்பிரிவினர் அமர்வதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.