ஒரே ஒரு ஸ்பிரிங்!

எம்1 கேரண்ட் ரைஃபிளைச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எட்டாவது தோட்டா வெடித்ததும், காலியான கிளிப் ‘டிங்’ என்று மணியடித்தபடி மேலே துள்ளும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத சத்தம் அது.

என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் செய்தது. வால்நட் மரக் கட்டை, 4.3 கிலோ கனம். கனடாவின் கியூபெக்கில் பிறந்த ஜான் கேரண்டின் கைவண்ணம். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. என்ன மனிதர்! அவருடைய மூளை எப்படி ஓடியது என்று போன வசந்தத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஓஹையோவில் நான் வழக்கமாகப் போகும் ரேஞ்சில் ரைஃபிள் திடீரென்று தகராறு செய்தது. சில சமயம் போல்ட் அடுத்த தோட்டாவைப் பிடிக்காமலே அதற்கு மேலாக வழுக்கிப்போய் மூடிக்கொள்ளும். சில சமயம் தோட்டா உள்ளே போயிருக்கும், ஆனால் விசையை இழுத்தால் ‘க்ளிக்’ மட்டும்தான். குழாயை இலக்கை விட்டு விலக்காமல் ஒரு நிமிடம் காத்திருந்து தோட்டாவை வெளியே எடுத்தால், பிரைமரில் நகம் பட்டதுபோல் லேசான தழும்பு.

இரண்டும் வேறு வேறு நோய் என்றே நினைத்தேன். கிளிப்பை மாற்றினேன். தோட்டா பெட்டியை மாற்றினேன். காஸ் சிலிண்டரின் முனைத் திருகை இறுக்கினேன். வீட்டில், தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பிரைமரைக் குத்தும் ஊசியைக் கழற்றித் துடைத்தேன். எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில் ஆபரேட்டிங் ராடு ஸ்பிரிங்கை உருவி அளந்தேன். புதிதில் ஏறக்குறைய 20 அங்குலம் இருக்க வேண்டியது, 18½தான் இருந்தது!

இங்கேதான் கேரண்டின் மேதைமை. பெரும்பாலான ரைஃபிள்களில் தோட்டாவை மேலே தள்ள மேகசினுக்கென்று தனி ஸ்பிரிங் இருக்கும். இதிலோ போல்ட்டை முன்னே அனுப்பும் அதே ஸ்பிரிங்தான், நெம்புகோல்கள் வழியாகத் தோட்டாக்களையும் மேலே தூக்குகிறது. அது தளர்ந்தால் தோட்டா எழும்புவதற்குள் போல்ட் தாண்டிப் போய்விடுகிறது. சரி, அந்த ‘க்ளிக்’? அதுவும் இதே கைங்கரியம்தான். தளர்ந்த ஸ்பிரிங் போல்ட்டை முழுசாகத் திருப்பிப் பூட்டுவதில்லை. பூட்டாத போல்ட்டில் ஊசி முன்னே போகக் கூடாது என்று கேரண்ட் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார். விழுகிற சுத்தியல் முதலில் போல்ட்டைத் திருப்பி மூடுகிறது. பாதி பலம் அதிலேயே கரைந்து, மிச்சம்தான் ஊசிக்கு. அதனால்தான் அந்த லேசான தழும்பு. கோளாறிலும் என்ன ஒரு ஒழுங்கு!

புது ஸ்பிரிங்கின் விலை ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவுதான். போல்ட் காதுகளிலும் ராடு ஓடும் பள்ளத்திலும் கிரீஸ் தடவினேன். எண்ணெய் அல்ல, கிரீஸ். மழையில் எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், சிப்பாய்களுக்குச் சின்ன டப்பாவில் கிரீஸே கொடுத்தனுப்பினார்கள்.

மறு சனிக்கிழமை ரேஞ்சில் ஐந்து கிளிப், நாற்பது தோட்டா. ஒன்றுகூடத் தடுக்கவில்லை. ஐந்து முறை அந்த ‘டிங்’! சூடு ஆறாத கிளிப்புகளைப் புல்லில் தேடித் தேடிப் பொறுக்கினேன்.