மறதிச் சட்டமும் மறவா வேட்டையும்: ராபர்ட் ஹாரிஸின் ‘ஆக்ட் ஆஃப் ஒப்லிவியன்’ புதினத்தில் நினைவின் அரசியல்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை துண்டிக்கப்பட்ட பின்னர், அதற்குப் பொறுப்பானோர் என வேட்டையாடப்பட்ட இரு படைத்தலைவர்களின் தலைமறைவு வாழ்வைப் பேசுவது, ராபர்ட் ஹாரிஸ் 2022-இல் வெளியிட்ட ‘ஆக்ட் ஆஃப் ஒப்லிவியன்’ என்னும் ஆங்கில வரலாற்றுப் புதினம். இப்புதினத்தின் தலைமைப் பாத்திரங்களுள் வேட்டையாடுபவன் மட்டுமே முற்றிலும் கற்பனை. அக்கற்பனை எதற்காகத் தேவைப்பட்டது, அது வரலாற்றுக்கு எதைச் சேர்க்கிறது, எதை மறைக்கிறது ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசு மறக்கத் துணிந்ததை ஒரு தனிமனிதன் மறக்க மறுப்பதே கதையின் உந்துவிசை என்பதும், அதற்கு ஈடாக ஓர் அரசியல் வினா தனிமனிதப் பகையாகச் சுருங்குகிறது என்பதும் இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், பரபரப்புப் புதினம், அரசக்கொலை, தலைமறைவு, நினைவு, மறதி.

முன்னுரை

வரலாற்றுப் புதினத்தைப் பரபரப்புப் புதினமாக எழுதுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பரபரப்பு, அடுத்து என்ன நிகழும் என்ற ஐயத்தால் வாழ்வது. வரலாறோ, நிகழ்ந்து முடிந்தது. தப்பியோடியவர்கள் பிடிபட்டார்களா இல்லையா என்பதை ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டி வாசகர் அறிந்துகொள்ள முடியும். எனவே இவ்வகைப் புதினத்தின் வெற்றி, முடிவை மறைப்பதில் தங்கியிருக்க இயலாது. முடிவு தெரிந்த பின்னரும் எஞ்சி நிற்கும் வினா ஒன்றை அது எழுப்ப வேண்டும். பண்டைய ரோமையும் இரண்டாம் உலகப்போர்க் கால ஐரோப்பாவையும் களமாக்கி எழுதிய ஹாரிஸ் இச்சிக்கலைப் பலமுறை எதிர்கொண்டவர். ‘ஆக்ட் ஆஃப் ஒப்லிவியன்’ புதினத்தில் அவர் கண்ட தீர்வு எத்தகையது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

வரலாற்றுப் பின்புலம்

1649 சனவரி 30 அன்று இலண்டன் வைட்ஹாலில், விருந்து மண்டபத்தின் முன் எழுப்பப்பட்ட மேடையில் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டார். அவருக்கான மரண ஆணையில் 59 பேர் கையொப்பமிட்டிருந்தனர். பதினொரு ஆண்டுகள் நீடித்த குடியரசு, ஆலிவர் கிராம்வெல்லின் மறைவுக்குப் பின் நிலைகுலைந்தது. 1660 மே மாதம் இரண்டாம் சார்லஸ் இலண்டன் திரும்பினார். கையொப்பமிட்டோருள் உயிருடன் இருந்தவர்கள் சரணடையவோ தப்பியோடவோ வேண்டிய நிலை ஏற்பட்டது.

தப்பியோரில் இருவர் எட்வர்ட் வால்லி, வில்லியம் கோஃப். வால்லி கிராம்வெல்லின் அத்தை மகன். கோஃப் வால்லியின் மகள் பிரான்செஸை மணந்தவர். மாமனும் மருமகனுமான இவர்கள் 1660 சூலை மாதம் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கினர். தம்முடன் கப்பலில் வந்த டேனியல் கூக்கினின் கேம்பிரிட்ஜ் இல்லத்தில் முதலில் தங்கினர். பின்னர் நியூ ஹேவன், அதன் அருகிலுள்ள பாறைக்குகை, மில்ஃபோர்ட் என இடம் மாறினர். 1664-இல் எல்லைப்புறச் சிற்றூரான ஹாட்லியில் ஜான் ரசல் என்னும் மதகுருவின் வீட்டில் புகலடைந்தனர்.

இவ்விருவரின் கடந்தகாலம் எளிய ஏதிலிகளின் கடந்தகாலம் அன்று. 1647-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மன்னரைக் காவல்காத்தவர் வால்லி. அவரது காவலிலிருந்துதான் மன்னர் தப்பினார். தம்மைக் கண்ணியமாக நடத்தியமைக்கு நன்றி கூறி அவருக்கு ஒரு கடிதத்தையும் விட்டுச்சென்றார். கிராம்வெல் ஆட்சியில் வட்டாரங்களை ஒடுக்கி ஆண்ட படைத்தலைமை ஆளுநர்களுள் இருவரும் இடம்பெற்றிருந்தனர். பிறரை விசாரித்தவர்கள் விசாரணைக்கு அஞ்சி ஓடும் இந்தத் தலைகீழ் நிலையே புதினத்தின் மூலப்பொருள்.

மறதி என்னும் சட்டம்

புதினத்தின் தலைப்பு 1660 ஆகஸ்டில் நிறைவேறிய பொதுமன்னிப்பு மற்றும் மறதிச் சட்டத்தைக் குறிக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலக் குற்றங்களை மன்னித்ததோடு இச்சட்டம் நிற்கவில்லை. கடந்தகாலப் பகைமையின் நினைவைக் கிளறும் சொற்களை மூன்று ஆண்டுகளுக்குத் தண்டனைக்குரியன ஆக்கியது. நினைவூட்டுவதையே குற்றமாக்கிய அச்சட்டம், பெயர் குறித்து விலக்கப்பட்ட சிலரை மட்டும் மறக்க மறுத்தது. நாடு முழுவதும் மறப்பதற்காகச் சிலரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது என்பதே இதன் தருக்கம். கொல்லப்படும் சிலரோடு குற்றமும் புதைக்கப்பட்டுவிடும் என அரசு கருதியது.

இந்நினைவு உயிருடன் இருந்தோரோடு முடியவில்லை. 1661 சனவரி 30 அன்று, மன்னர் இறந்த அதே நாளில், கிராம்வெல், அயர்ட்டன், பிராட்ஷா ஆகியோரின் சடலங்கள் டைபர்ன் தூக்குமேடையில் தொங்கவிடப்பட்டன. 1662-இல் டெல்ஃப்ட் நகரில் ஜார்ஜ் டவுனிங் மூவரைப் பிடித்து அனுப்ப, அவர்கள் இலண்டனில் கொல்லப்பட்டனர். 1664-இல் ஜான் லைல் லோசான் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களில் நடந்த தேடலின் தன்மை வேறு. ஆளொன்றுக்கு 100 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது, ஆணைகள் வந்தன, 1661 மே மாதம் கெல்லாண்ட், கிர்க் என்னும் இருவர் நியூ ஹேவன் வரை சென்றனர். அங்கு வில்லியம் லீட் என்னும் ஆளுநர், ஓய்வுநாளில் அலுவல் பார்க்க இயலாது என்று கூறித் தாமதப்படுத்தினார். தேடல் தாள்களிலும் தயக்கங்களிலும் கரைந்தது. பரபரப்புப் புதினம் வேண்டும் இடைவிடாத துரத்தல் ஆவணங்களில் இல்லை.

நெய்லர்: கற்பனையின் தேவை

இந்த வெற்றிடத்தில்தான் ரிச்சர்டு நெய்லரை ஹாரிஸ் நிறுத்துகிறார். மன்னர் மன்றத்தின் கீழ் அரசக்கொலையாளரைத் தேடும் குழுவின் செயலர் நெய்லர். பின்னாளில் கிளாரண்டன் பிரபு ஆன எட்வர்ட் ஹைடின் ஆள். அவனுக்கு அரசுக் கடமை மட்டும் போதுமானதாக இல்லை. தடைசெய்யப்பட்ட கிறிஸ்துமஸ் வழிபாட்டில் அவன் கைதாகிறான். கைது செய்த படையினருக்குத் தலைமை ஏற்றவர்கள் வால்லியும் கோஃப்பும். அந்த அதிர்ச்சியில் கருவுற்றிருந்த அவன் மனைவி குழந்தையோடு இறக்கிறாள். இந்நிகழ்ச்சி வெறுங்கற்பனையில் முளைத்தது எனக் கூறிவிட முடியாது. 1657 கிறிஸ்துமஸ் நாளன்று இலண்டன் சிற்றாலயம் ஒன்றில் தாம் பிடிக்கப்பட்டதையும், வைட்ஹாலிலிருந்து வந்து விசாரித்தவர்களில் வால்லியும் கோஃப்பும் இருந்ததையும் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஈவ்லின் வீடு திரும்பினார். நெய்லரின் மனைவி திரும்பவில்லை. வரலாறு கதவைத் திறந்து வைத்த இடத்தில் கற்பனை உள்ளே நுழைந்துள்ளது.

நெய்லரின் தனிப்பட்ட துயரம் இரு பணிகளை ஆற்றுகிறது. முதலாவது, கதைக்கு வேகம் தருகிறது. அரசு களைத்துவிடும், அமைச்சர்கள் மாறுவர், போர்களும் கொள்ளைநோயும் கவனத்தைத் திருப்பும். மனைவியை இழந்தவன் களைப்பதில்லை. இரண்டாவது, இதைவிட நுட்பமானது. மறதிச் சட்டத்தின் உணர்வை உண்மையில் மீறுபவன் நெய்லரே. ஓடுபவர்கள் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களை நினைவில் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியே. ஆனால் காலம் செல்லச்செல்ல அரசே அவர்களை மறக்கத் தொடங்கியபின், மறக்க மறுத்து நிற்பவன் அவன் ஒருவனே. சட்டத்தின் ஊழியனாகத் தொடங்கி, சட்டத்தின் நோக்கத்திற்கு எதிரானவனாக அவன் மாறுவதைக் காண்கிறோம்.

மூவகை நினைவு

நெய்லரின் நினைவுக்கு எதிராகப் புதினம் வேறு இரு நினைவுகளை வைக்கிறது. மறைவிடத்தில் வால்லி கிராம்வெல்லைப் பற்றிய நினைவுக்குறிப்பை எழுதுகிறார். எழுத எழுத, தாம் பின்பற்றிய தலைவரின் செயல்களைத் தள்ளி நின்று பார்க்கும் நிலைக்கு அவர் வருகிறார். கோஃப்பின் நினைவு முன்னோக்கியது. 1666-ஆம் ஆண்டில் இறையாட்சி வரும் என்னும் எதிர்பார்ப்பில் அவர் வாழ்கிறார். அந்த ஆண்டு வந்து கடந்தும் எதுவும் நிகழாதது அவருக்கு நேர்ந்த பெருந்தோல்வி. இவ்வெதிர்பார்ப்பும் ஏமாற்றமும் வரலாற்றுப் பதிவிலும் உள்ளவை. நெய்லர் வஞ்சத்தால் நினைக்கிறான். வால்லி ஐயத்தால் நினைக்கிறார். கோஃப் நம்பிக்கையால் நினைக்கிறார். மூவரும் மறதியை ஏற்கவில்லை.

புதினத்தின் நடுப்பகுதியில் வேகம் குறைகிறது என்னும் குறைபாடு எளிதில் எழக்கூடியது. பரபரப்பு இலக்கணப்படி அது குறையே. எனினும் அத்தொய்வில்தான் தலைமறைவின் உண்மை வெளிப்படுகிறது. துரத்தல் சில வாரங்களில் முடிந்தது. மறைந்திருத்தல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கோஃப் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் வால்டர் கோல்ட்ஸ்மித் எனப் பெயர் மாற்றி, மனைவியைத் தாய் என அழைத்து எழுதினார். 1674-ஆம் ஆண்டுக் கடிதத்தில் முதுமையால் குழந்தைபோல் ஆகிவிட்ட வால்லியின் நிலை விவரிக்கப்படுகிறது. கணவன் மனைவியை மகனாக நின்று விளிக்க வேண்டிய வாழ்வில், எந்தத் துப்பாக்கிச்சூட்டையும் விஞ்சிய அவலம் உள்ளது. இலண்டனில் கொள்ளைநோய்க்கும் பெருந்தீக்கும் நடுவே பிள்ளைகளுடன் ஒளிந்து வாழும் பிரான்செஸின் கதையைத் தனி இழையாக ஹாரிஸ் வளர்த்திருப்பது இவ்வுணர்வை ஆழப்படுத்துகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்பாளிகள் இதே வரலாற்றை வேறுவிதமாகக் கையாண்டனர். ஹாட்லி மீது பழங்குடியினர் தாக்குதல் நிகழ்த்தியபோது முதியவர் ஒருவர் திடீரெனத் தோன்றி ஊரைக் காத்து மறைந்தார், அவர் கோஃப் என்பது ஒரு செவிவழிக் கதை. 1764-இல் தாமஸ் ஹட்சின்சன் அதனை அச்சேற்றினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதன் உண்மைத்தன்மையை ஐயுற்றனர். வால்டர் ஸ்காட், ஃபெனிமோர் கூப்பர், நதானியேல் ஹாதார்ன் ஆகியோரின் படைப்புகளில் இக்கதையின் சாயல் உண்டு. அவர்களை ஈர்த்தது ஒளிந்திருந்தவர் வெளிப்படும் கணம். ஹாரிஸை ஈர்ப்பது அக்கணத்திற்கு முந்தைய ஆண்டுகள். பழம்புனைவின் காவல் தேவதை இங்குப் பசியும் முதுமையும் அச்சமும் கொண்ட மனிதனாகிறது.

சமநிலையின் விலை

ஆயினும் இக்கட்டமைப்புக்கு ஒரு விலை உண்டு. நெய்லரின் மனைவி இறந்ததற்கு வால்லியும் கோஃப்பும் காரணம் என்று அமைத்தவுடன், அவர்கள் செய்த குற்றம் இரண்டாகிறது: மன்னருக்கு எதிரானது, நெய்லருக்கு எதிரானது. வாசகரின் நெஞ்சைத் தொடுவது இரண்டாவதே. மக்களின் பெயரால் ஒரு மன்னரை விசாரித்துக் கொல்லலாமா, அவ்விசாரணை நீதியா பழிவாங்கலா என்னும் முதன்மை வினா பின்தள்ளப்படுகிறது. வால்லியின் நினைவுக்குறிப்பு அவ்வினாவைத் தொடுகிறது. ஆனால் வேட்டையின் விசை அதனைத் தங்கவிடுவதில்லை. இரு தரப்பினருக்கும் சமமான துயரத்தை வழங்கி நடுநிலை காப்பது நூலின் அறம். அந்நடுநிலையே அரசியல் வினாவுக்கு விடை தேடும் பொறுப்பிலிருந்து அதனை விடுவித்தும் விடுகிறது.

இரண்டாவது இழப்பு, அடைக்கலம் தந்தோர் தொடர்பானது. இருவரும் உயிர்பிழைத்தது அவர்களின் திறமையாலோ நற்பேற்றாலோ மட்டும் அன்று. ஜான் டேவன்போர்ட் போன்ற மதகுருக்கள், லீட் போன்ற ஆளுநர்கள், பெயர் பதியாத பெண்கள், பணியாளர்கள் எனப் பலர் மௌனம் காத்தனர். பரிசுத்தொகையை ஒருவரும் பெறவில்லை. ஒரு சமூகம் முழுவதும் அறிந்தே கடைப்பிடித்த இம்மறைப்பு, ஒருவகை அரசியல் செயல். ஹட்சின்சனிடம் இருந்த கோஃப்பின் நாட்குறிப்பு, 1765-இல் அவர் வீடு கலகக்காரர்களால் சூறையாடப்பட்டபோது அழிந்ததாகக் கருதப்படுகிறது. எனவே அச்சமூகத்தின் மௌனத்தைக் கற்பனையால் மட்டுமே பேசவைக்க முடியும். துணிந்து ஒரு வேட்டைக்காரனை உருவாக்கிய ஆசிரியர், அதே துணிவுடன் அடைக்கலம் தந்த ஒரு பாத்திரத்தைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். பழங்குடி மக்களும் பெரும்பாலும் பின்புலமாகவே நின்றுவிடுகின்றனர். இருவருக்கு முதல் அடைக்கலம் தந்த கூக்கினே, 1675-இல் தொடங்கிய போரின்போது கிறித்தவராக மாறிய பழங்குடியினருக்காகக் குரல் கொடுத்துத் தம் மக்களின் வெறுப்புக்கு ஆளானவர். இத்தொடர்பைப் புதினம் வளர்த்தெடுத்திருந்தால் அடைக்கலம் என்னும் கருத்து இன்னும் அகன்றிருக்கும்.

முடிவுரை

‘ஆக்ட் ஆஃப் ஒப்லிவியன்’ துரத்தலின் கதையாக அறிமுகமானாலும், அதன் வலிமை காத்திருத்தலைச் சொல்வதில் உள்ளது. ஆவணங்களில் இல்லாத வேட்டைக்காரனைப் படைத்ததன் வழியே, மறதியைச் சட்டமாக்க முடியுமா என்னும் வினாவை அது எழுப்புகிறது. முடியாது என்பதை மூன்று மனிதர்களின் வாழ்வால் காட்டுகிறது. அதேவேளை, பகையைத் தனிமனிதருக்கு உரியதாக்கியதால், மன்னரைக் கொன்ற செயலின் நீதி பற்றிய விவாதத்தையும், மௌனத்தால் இருவரைக் காத்த சமூகத்தின் பங்கையும் அது குறைத்துவிடுகிறது. இன்று நியூ ஹேவன் நகரின் மூன்று வீதிகள் வால்லி, கோஃப் பெயர்களையும், அவர்களைப் போலவே அங்கு மறைந்து வாழ்ந்த ஜான் டிக்ஸ்வெல்லின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. டெல்ஃப்டில் மூவரைப் பிடித்த டவுனிங்கின் பெயர், பிரித்தானியப் பிரதமர் வாழும் வீதியின் பெயராக நிலைத்துள்ளது. மறதிச் சட்டம் இருதரப்பின் பெயரையும் அழிக்க இயலாது போயிற்று. வரலாற்றுப் புதினங்களை ஆராய்வோர், கற்பனைப் பாத்திரம் எங்கே நுழைக்கப்படுகிறது என்பதோடு, அதன் வருகையால் எந்த வினா இடம் இழக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை இப்புதினம் தெளிவுறுத்துகிறது.