முன்கணக்கும் பின்கணக்கும்

ஓராண்டின் ஆய்வில் கிடைத்த எண்ணை இன்னோராண்டின் எண்ணோடு ஒட்டிவைத்து, ‘உயர்ந்தது’ என்றும் ‘தாழ்ந்தது’ என்றும் தீர்ப்புக் கூறுவது மேடைகளிலும் ஏடுகளிலும் வழக்கமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி மாணவரின் வாசிப்புத் திறன், தமிழ் நாளிதழ் வாங்கும் வீடுகள், ஏழைக் குடும்பங்களின் விழுக்காடு ஆகிய யாவும் இவ்வாறே பேசப்படுகின்றன. எண் இரண்டு, இடையே ஒரு கழித்தல், அதன்மேல் ஒரு முடிவு. அவ்வேறுபாடு உண்மையான மாற்றமா, ஆய்வில் யார் யார் அகப்பட்டனர் என்னும் தற்செயலால் விளைந்ததா என்று பகுத்தறியவே புள்ளியியலில் சோதனைகள் அமைந்துள்ளன. எந்தச் சோதனையைக் கைக்கொள்வது என்பதை எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. அவை எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டன என்பதே முதலில் அறியத்தக்கது.

கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்க்கு இது புதிய செய்தி அன்று. ஓர் உரம் பாலைப் பெருக்குகிறதா என்று காண இரு வழிகள் உண்டு. ஒரே நிரையின் மரங்களில் உரமிடுமுன் எடுத்த பாலையும், இட்டபின் எடுத்த பாலையும் மரந்தோறும் நிறுத்துப் பார்ப்பது ஒன்று. முன்பு ஒரு நிரையையும் பின்பு வேறொரு நிரையையும் நிறுப்பது மற்றொன்று. முன்னதில் ஒவ்வொரு மரமும் தனக்குத்தானே அளவுகோலாகிறது. மரத்துக்கு மரம் இயல்பாக உள்ள வேறுபாடு கழிந்துபோகிறது. பின்னதில் அவ்வேறுபாடு கணக்கினுள்ளேயே நின்று மயக்குகிறது. மனிதரைக் கேட்டறியும் ஆய்வுக்கும் இதுவே நெறி.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். கோப்பெங்கில் நூறு வீடுகளைக் கேட்டதில் நாற்பது வீடுகள் தமிழ் நாளிதழ் வாங்குவதாகக் கூறின. ஐந்தாண்டு கழித்து மீண்டும் நூறு வீடுகளைக் கேட்டதில் ஐம்பத்திரண்டு வீடுகள் அவ்வாறு கூறின. இரண்டாம் முறை கேட்டவை வேறு வீடுகள் எனின், காரல் பியர்சன் 1900இல் வகுத்த கை வர்க்கச் சோதனை இதற்குப் பொருந்தும். அதன் விடை 2.90. நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான பிழை எல்லைக்குரிய எண் 3.84. விடை அதனை எட்டவில்லை. ஆகவே வாசகர் பெருகினர் என்று துணிந்துரைக்க இடமில்லை.

இரு முறையும் கேட்டவை அதே வீடுகள் எனின், குவின் மெக்நெமர் 1947இல் வெளியிட்ட சோதனையே ஏற்றது. மாறாத வீடுகளை அது ஒதுக்கிவிடும். மாறிய வீடுகளை மட்டும் எண்ணும். புதிதாக வாங்கத் தொடங்கியவை 18, நிறுத்தியவை 6 என்க. வேறுபாடாகிய 12இன் வர்க்கம் 144. அதனை மாறியவற்றின் தொகையாகிய 24ஆல் வகுத்தால் விடை 6. இப்போது எல்லை கடந்துவிட்டது. மாற்றம் உண்டு எனலாம். ஆனால் தொடங்கியவை 36, நிறுத்தியவை 24 எனின், வேறுபாடு அதே 12 ஆயினும் விடை 2.4 தான், பெருக்கம் உறுதிப்படவில்லை. நாற்பது ஐம்பத்திரண்டாயிற்று என்னும் ஒரே செய்தி கேட்ட முறைக்கேற்ப மூன்று பொருள் தருகிறது. ‘ஆம், இல்லை’ என்னும் விடைக்கு உரியவை இவை. விடை மதிப்பெண்ணாகவோ வருமானமாகவோ இருப்பின் சோதனைகளின் பெயர் மாறும். அவரா, வேறு ஒருவரா என்னும் முதற் கேள்வி மாறாது.

கற்பனையை விட்டு நாட்டுக் கணக்குக்கு வருவோம். மலேசியாவின் வறுமை வீதம் 2016ஆம் ஆண்டுக்கு 0.4 விழுக்காடு என முதலில் வெளியாயிற்று. அப்போதைய வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. 2019 ஆகஸ்டில் நாட்டைப் பார்வையிட்ட ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், அக்கோடு வாழ்க்கைச் செலவுக்குப் பொருந்தாத அளவு தாழ்ந்தது என்று குறை கூறினார். 2020 ஜூலையில் அது 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் வறுமை வீதம் 5.6 என்று வெளியாயிற்று. 0.4ஐயும் 5.6ஐயும் ஒப்பிடுபவர் வறுமை பதினான்கு மடங்காயிற்று என்பார். திருத்திய கோட்டால் 2016ஐ மீண்டும் கணித்தபோது கிடைத்த எண் 7.6. அதனோடு ஒப்பிட்டால் வறுமை குறைந்தது என்றாகும். மரக்காலை மாற்றிவிட்டு நெல் கூடியது, குறைந்தது என்று வழக்காடுவது வீண். இக்குறையை எந்தச் சோதனையும் தீர்க்காது. அளவுகோலை ஒன்றாக்குவதே தீர்வு.

ஒன்றாக்கிய பின்னும் எச்சரிக்கை வேண்டும். குடும்ப வருமான ஆய்வு அதே குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றுவதன்று. ஆகவே 7.6 என்பது 5.6 ஆனதைக் கொண்டு ஏழைகளின் பங்கு குறைந்தது எனலாமேயன்றி, முன்பு ஏழையாயிருந்தவர் இன்னார் கரையேறினர் எனல் ஆகாது. சிலர் ஏறி எவரும் வீழாதிருக்கலாம். பலர் ஏறிப் பலர் வீழ்ந்துமிருக்கலாம். உதவி யாருக்குச் சேரவேண்டும் என்பது இவ்விரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்தது. மேலும், இத்தகைய ஆய்வுகளில் முதலில் கணக்கெடுப்பு வட்டங்களும் பின்பு அவற்றினுள் வீடுகளும் பொறுக்கப்படுகின்றன. அண்டை வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பு. ஒரே லயத்தில் இருபது வீடுகளைக் கேட்பது இருபது தனிச் சாட்சிகளைக் கேட்டது ஆகாது. இதனைக் கருதாத சோதனை, இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டும்.

இடமும் நிலையானதன்று. கோப்பெங் முன்பு கிந்தா மாவட்டத்தில் இருந்தது. 2009இல் கம்பார் தனி மாவட்டமாயிற்று, கோப்பெங் அதனைச் சேர்ந்தது. கிந்தா என்னும் பெயரில் வரும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுபவர் எல்லை ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். அதே வீடுகளைத் தேடிச் செல்லும் ஆய்வில் அவ்வாறு பெயர்ந்தவர் விடுபடுவர். எஞ்சியோரின் நிலையே அனைவரின் நிலையாகத் தோன்றும்.

பள்ளிகளில் வாசிப்புத் திறனை அளக்கும் ஆசிரியர்க்கும் இதில் பயன் உண்டு. ஆண்டுதோறும் நான்காம் வகுப்பைச் சோதித்தால் சோதிக்கப்படுவோர் வெவ்வேறு பிள்ளைகள். ஒரு வகுப்பை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்தால் அதே பிள்ளைகள். ஆயின் விடைத்தாளில் பெயரோ குறியெண்ணோ இல்லையெனில் முன்தாளையும் பின்தாளையும் இணைக்க வழியின்றி, அரிதின் ஈட்டிய செய்தியிற் பாதி பாழாகும். சோதனையைத் தேர்ந்தெடுக்கும் வேளை ஆய்வு முடிந்தபின் வருவதன்று. முதல் வினாத்தாளை அச்சிடும் முன்பே வந்துவிடுகிறது.