வாடகை வீட்டுக்கு பி.எல்.டி.சி. ஃபேன்: யாருக்கு லாபம்?

சேர்வராயனும் நகரமலையும் ஜருகுமலையும் கஞ்சமலையும் சுற்றி நிற்க, நடுவே கிடக்கும் சேலத்தில் மாசி முடிந்தால் வெயில் ஏறத் தொடங்கிவிடும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமும் இதே கதைதான். குளிர்நாடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவரைக் கணப்புச் செலவு வாட்டுகிறது என்றால், இங்கே வாட்டுவது காற்றுக்கான செலவு. அம்மாப்பேட்டையிலோ குகையிலோ பழைய தார்சு வீட்டின் மேல்மாடியில் இருப்பவருக்கு, பகலெல்லாம் வெயில் குடித்த கூரை நள்ளிரவு வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது வீட்டுக்காரர் கையில் உள்ள வேலை. ஏ.சி. மாட்டச் சுவரில் துளை போடவும் அவர் சம்மதிக்க வேண்டும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடியது எது என்று பார்த்தால், மிஞ்சுவது ஃபேன். அதனால்தான் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன்களை வாடகைக்காரர் கண்ணோடு எடைபோடுவது அவசியமாகிறது.

சாதாரண 1,200 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். ஆட்டம்பெர்க் ரெனேசா போன்ற பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 28 வாட் அளவு போதும். மோட்டாருக்குள் நிலைக்காந்தமும், மின்சாரத்தை முறைப்படுத்தும் சின்ன எலக்ட்ரானிக் போர்டும் இருப்பதே காரணம். முழு வேகத்தில் காற்று பழைய ஃபேனுக்குக் குறைந்ததாகத் தெரியாது. குறைந்த வேகத்தில் வைத்தால் மின்செலவு ஒற்றை இலக்க வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. பழைய பெட்டி ரெகுலேட்டரோ வேகத்தைக் குறைக்கும்போது மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடும் ஃபேனில் 47 வாட் மிச்சம் என்றால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 45 யூனிட். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கும் வீட்டில் அது 360 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் ஒன்றரை ஆண்டில் போட்ட பணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தனி இணைப்பு இருந்து, இரண்டு மாதப் பயன்பாடு இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு பைசா மிச்சமில்லை. அவர்கள் வாங்க வேண்டாம். 500 யூனிட் எல்லையில் தடுமாறும் குடும்பத்துக்கோ இது பெரிய உதவி. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் கைவிட்டுப் போய், ஒரே யூனிட்டில் பில் 200 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். எனவே கடைக்குப் போகும் முன் பழைய கரண்ட் பில்லைப் பார்க்க வேண்டும். மாற்றுவதென்றாலும் எல்லா அறையிலும் மாற்றத் தேவையில்லை. நாள் முழுதும் ஓடுகிற கூடத்து ஃபேனும் படுக்கையறை ஃபேனும் போதும். பூஜையறையில் அரைமணி ஓடும் ஃபேனை அப்படியே விட்டுவிடலாம்.

பழைய ஃபேன் கெட்டால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டன்சர் மாற்றுவார், காயில் சுற்றித் தருவார், இதில் போர்டு போனால் யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கம்பெனி சர்வீஸ் இல்லாத ஊரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பில்லோடு வாங்கி, வாரண்டியைப் பதிவு செய்வது கட்டாயம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அது இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும், இல்லையென்றால் போர்டு பழுதாகும். உயரக் கூரை வீட்டுக்கு நீள ராடு தனியாக வாங்க நேரும். வீட்டுக்காரரின் ஃபேனையும் ரெகுலேட்டரையும் பத்திரமாக எடுத்து வைத்து, காலி செய்யும்போது பழையபடி மாட்டிக் கொடுத்தால் அட்வான்ஸில் கழிக்க இடமிருக்காது.

ஆனால் எந்த ஃபேனும் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். அறைக்காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. சித்திரை வெயிலில் மேல்மாடிப் பிற்பகலுக்கு இது மருந்தல்ல. குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் அந்த நேரத்துக்குக் கூரைப் பூச்சோ கீழ்த்தளத்து அறையோதான் வழி. அந்தப் பூச்சுச் செலவில் பாதியை ஏற்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் தை மாதமே பேசிப் பாருங்கள். மற்ற மாதங்களுக்கு, யூனிட்டுக்குப் பணம் கட்டும் வாடகைக்காரர் தயங்காமல் வாங்கலாம்.