பாலுமகேந்திராவின் 'வீடு': மறுபார்வையில் முருகேசன்

திறவுச்சொற்கள்: பாலுமகேந்திரா, வீடு, நடிப்பு, புறநகர், மறுபார்வை

முன்னுரை

பாலுமகேந்திரா இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்த 'வீடு' 1988இல் வெளிவந்தது. 35ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது. சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகை விருதைப் பெற்றார். நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக் கனவை அரசு இயந்திரம் சிதைக்கும் கதையாகவே இப்படம் பெரிதும் வாசிக்கப்படுகிறது. சுதா வீடு கட்டிய நிலத்தைக் குடிநீர் வாரியம் முன்பே கையகப்படுத்தியிருப்பது இறுதியில் தெரியவருவதால் அவ்வாசிப்பு பொருத்தமானதே. ஆயினும், முடிவை அறிந்து மீண்டும் பார்க்கையில் படத்தின் மையம் தாத்தா முருகேசனிடம் நகர்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சிறு இழப்புகளின் வரிசை

குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்வதால், வளசரவாக்கத்தில் முருகேசனுக்குரிய இரண்டு மனைகளுள் ஒன்றை விற்று மற்றொன்றில் வீடு எழுப்பப்படுகிறது. இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் வளசரவாக்கம் 2011இல்தான் அதனுடன் இணைக்கப்பட்டது. படம் காட்டுவது நகரம் மேற்கே விரிந்துகொண்டிருந்த காலத்தை. பணம் போதாமை, கடன், ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் திருட்டு என இழப்புகள் தொடர்கின்றன. திருட்டைச் சுதாவிடம் சொல்பவர் சித்தாள் மங்கம்மா (பசி சத்யா).

ஆவடியில் வீடு கட்டி முடித்த என் தாயாருடன் அண்மையில் இப்படத்தை மீண்டும் பார்த்தேன். அவர் கலங்கியது இறுதிக் காட்சியில் அன்று, மங்கம்மா பேசும் இடத்தில். "நமக்கும் யாராவது இப்படி வந்து சொல்லியிருக்கலாம்" என்றார். வீடு இறுதியில் ஒரே நாளில் பறிபோவதில்லை, கட்டப்படும்போதே சிறிது சிறிதாக இழக்கப்படுகிறது என்பதை அச்சொல் எனக்கு உணர்த்தியது. சுவர் உயர உயர அர்ச்சனாவின் முகத்தில் சிரிப்பு குறைவதையும் அதன் பின்னரே கவனித்தேன். வீடு கட்டத் தொடங்கியபின் தம் தாயின் சிரிப்பு மறைந்ததையே இப்படத்தின் ஊற்றாகப் பாலுமகேந்திரா குறிப்பிட்டுள்ளார்.

முருகேசனின் வீடு

முற்றுப்பெறாத வீட்டைப் பார்க்க முருகேசன் தனியே செல்கிறார். நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர் இங்கு மேடைக்குரிய குரலையும் மெய்ப்பாட்டையும் முற்றிலும் ஒதுக்கிவிடுகிறார். பூசப்படாத சுவரைத் தொடும் கை, அறைக்கு அறை நகரும் தளர்ந்த நடை, முகத்தில் பரவும் மகிழ்ச்சி ஆகியவையே நடிப்பாகின்றன. திரும்பும் வழியில் அவர் இறக்கிறார்.

முதற்பார்வையில் இது குடும்பத்தின் பேரிழப்பு. மறுபார்வையில், நிலம் தமதன்று என்பதை அறியாமலே அவர் விடைபெற்றது ஓர் ஆறுதலாகவும் தோன்றுகிறது. அவ்வீட்டைத் தம் வீடாகவே நிறைவுடன் கண்டு சென்றவர் அவர் ஒருவரே.

முடிவுரை

இவ்வாசிப்பு படத்தின் சமூக விமரிசனத்தை மங்கச் செய்யும் எனக் கருத வேண்டியதில்லை. உண்மையை அறியாதவர்க்கு மட்டுமே வீடு வாய்க்கிறது என்னும் நிலை, இறுதிக் காட்சியைவிடக் கடுமையான குற்றச்சாட்டு. அதனை உரையாடலால் அன்றி, ஒரு முதியவரின் மகிழ்ச்சியால் சொல்வதே 'வீடு' படத்தின் தனிச்சிறப்பு.